எக்மோ இணைப்பதா, வென்டிலேட்டரிலேயே தொடர்வதா?

“வென்டிலேட்டரை முழு அளவில் ஓட்டுகிறோம், ஆக்சிஜன் ஏற மாட்டேன் என்கிறது. எக்மோ போட்டுப் பார்க்கலாம். வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்லுங்கள், ஆனால் சீக்கிரம்.” எக்மோ என்பது ரத்தத்தை உடம்புக்கு வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றித் திருப்பித் தரும் இயந்திரம். இன்ஃபுளுவென்சாவோ கோவிட்டோ நுரையீரலை முழுசாகப் பிடித்துக்கொண்ட ஒருவருடைய குடும்பத்தாரிடம் இந்தக் கேள்வி இப்படித்தான் வந்து சேரும். யோசிக்கக் கிடைப்பது சில மணி நேரம். அதையும் நாள் கணக்கில் தூங்காத கண்களோடு யோசிக்க வேண்டும்.

அப்படி ஐசியு வாசலில் நிற்பவர்கள் எழுதும்போது இரண்டு வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. “கடைசி ஆயுதம் அதுதானே, அதையும் செய்து பார்த்துவிட வேண்டாமா?” என்பது ஒன்று. “அதில் போட்டால் யாரும் திரும்பி வருவதில்லையாமே?” என்பது மற்றொன்று. இரண்டுமே சரியில்லை. எல்லாம் கைவிட்ட பிறகு கடைசியாக எடுக்கும் ஆயுதமாக எக்மோவை நினைத்தால் அது பெரும்பாலும் பலிக்காது. சரியான ஆளுக்குச் சரியான நேரத்தில் இணைத்தால் பாதிக்கு மேற்பட்டவர்கள் பிழைக்கிறார்கள்.

எக்மோ ஒரு சிகிச்சையே அல்ல. அது வைரஸைக் கொல்லாது, நுரையீரலின் புண்ணை ஆற்றாது. நாட்களை வாங்கித் தரும், அவ்வளவுதான். ஆகவே “போடலாமா?” என்பதைவிட, “வாங்கிய நாட்களில் இந்த நுரையீரல் தேறுமா?” என்று கேட்பதே பயன்தரும். கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் போகிறது.

## இயந்திரம் என்ன செய்கிறது

நுரையீரலுக்கு வேலை இரண்டு: ஆக்சிஜனை ரத்தத்தில் ஏற்றுவது, கரியமில வாயுவை வெளியேற்றுவது. வென்டிலேட்டர் இந்த வேலையைத் தானே செய்வதில்லை. காற்றை உள்ளே தள்ளி, நுரையீரலைச் செய்யவைக்கிறது. காற்றுப்பைகள் நீராலும் அழற்சியாலும் நிறைந்துவிட்டால் எவ்வளவு தள்ளினாலும் பலன் குறைவு. அப்புறம், அழுத்தம் கூடக் கூட, மிச்சமிருக்கும் நல்ல பகுதியும் சேதமாகத் தொடங்கும்.

எக்மோ நுரையீரலைச் சுற்றிக்கொண்டு போகிறது. தொடையிலுள்ள பெரிய சிரையில் விரல் தடிமனுக்கு நெருங்கும் குழாயைச் செருகி ரத்தத்தை வெளியே எடுக்கிறார்கள். ஒரு பம்ப் அதை நிமிடத்துக்கு ஏறக்குறைய 4 முதல் 6 லிட்டர் வேகத்தில் ஒரு சவ்வுப் பெட்டிக்குள் செலுத்துகிறது. அங்கே நுண்ணிய குழல்களுக்குள் வாயு ஓடும், அவற்றைச் சுற்றி ரத்தம் ஓடும். ஆக்சிஜன் ஏறி, கரியமில வாயு நீங்கிய ரத்தம் கழுத்துச் சிரை வழியாக உடம்புக்குத் திரும்புகிறது. மனித நுரையீரலில் காற்றும் ரத்தமும் சந்திக்கும் பரப்பு 50 முதல் 100 சதுர மீட்டர் இருக்கும். இந்தப் பெட்டியில் சுமார் 2 சதுர மீட்டர்தான். அதனால்தான் எக்மோவில் இருப்பவரின் மானிட்டரில் ஆக்சிஜன் அளவு 86, 88 என்று நிற்பதுண்டு. அதைப் பார்த்துக் குடும்பம் பதறும். மற்ற உறுப்புகள் சீராக இயங்கும்வரை மருத்துவர்கள் அந்த எண்ணை ஏற்றுக்கொள்கிறார்கள்.

சிரையில் எடுத்துச் சிரையிலேயே திருப்பித் தருவது நுரையீரலுக்கு மட்டுமான துணை. இதயமும் சேர்ந்து சோர்ந்துவிட்டால் ரத்தத்தைத் தமனிக்குள் செலுத்தும் வேறு வகை தேவைப்படும். எலிகள் மூலம் பரவும் ஹான்டா வைரஸ் தாக்குதலின் கடுமையான வடிவத்தில் அந்த வகைதான் கைகொடுக்கிறது, ஏனெனில் அங்கே நுரையீரலோடு இதயமும் வேகமாக விழுந்துவிடும். இந்தக் கட்டுரை முதல் வகையைப் பற்றியது.

## எதை வைத்து எடை போடுவது

நோய் மீளக்கூடியதா? ஆரோக்கியமாக இருந்த நுரையீரலை ஒரு வைரஸ் தாக்கியிருந்தால் அது தேறி வர வாய்ப்புண்டு. ஏற்கெனவே நார்த்தன்மை அடைந்து சுருங்கிய நுரையீரலின் மேல் வைரஸ் வந்திருந்தால், வாங்கும் நாட்கள் எங்கும் கொண்டு சேர்க்காமல் போகலாம். முற்றிய புற்றுநோய், முற்றிய கல்லீரல் நோய் இருப்பவருக்கும் இதே கேள்வி உண்டு.

வென்டிலேட்டரில் எத்தனை நாள்? குடும்பங்கள் அதிகம் கவனிக்காத, ஆனால் மிகவும் கனமான அளவுகோல் இது. எக்மோ பற்றிய இரண்டு பெரிய ஆய்வுகளும் உயர் அழுத்தத்திலோ வென்டிலேட்டரிலோ 7 நாள் கடந்தவர்களைச் சேர்க்கவில்லை. ஏழாம் நாள் என்பது கல்லில் எழுதிய எல்லை இல்லை. ஆனால் நாளாக நாளாக வைரஸ் செய்த சேதத்தோடு வென்டிலேட்டர் செய்த சேதமும் சேர்கிறது. அதை எக்மோ சரிசெய்யாது.

அதற்கு முந்தைய படிகள் முடிந்தனவா? இதற்கு அடுத்த பகுதியில் விரிவாக வருகிறேன்.

ரத்தக் கசிவு அபாயம் எவ்வளவு? குழாய்களிலும் பெட்டியிலும் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பரின் போன்ற மருந்து ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மூளையில் அண்மையில் ரத்தக் கசிவு ஏற்பட்டவருக்கு இது பெரும் ஆபத்து.

யார் செய்கிறார்கள்? ஆண்டுக்கு 30-க்கு மேற்பட்ட பெரியவர்களுக்கு எக்மோ செய்யும் மருத்துவமனைகளில், ஆண்டுக்கு 6-க்கும் குறைவாகச் செய்யும் இடங்களைவிட இறப்பு குறைவு என்று எக்மோ நோயாளிகளின் பன்னாட்டுப் பதிவேட்டை வைத்து 2015-இல் வெளியான பகுப்பாய்வு காட்டியது. இயந்திரம் வாங்கி வைத்திருப்பது வேறு, இரவு இரண்டு மணிக்குப் பெட்டிக்குள் ரத்தம் உறைந்தால் சில நிமிடத்தில் மாற்றத் தெரிந்த கைகள் இருப்பது வேறு.

அவர் என்ன விரும்பியிருப்பார்? படுக்கையில் இருப்பவரிடம் இப்போது கேட்க முடியாது. நீண்ட ஐசியு வாசம், அதற்குப் பின் பல மாதம் தேறும் பாடு, இவற்றுக்கு அவர் சம்மதித்திருப்பாரா என்று அவரை நன்கு அறிந்தவர்கள்தான் சொல்ல முடியும். பணத்தையும் இங்கேயே சேர்த்துச் சொல்கிறேன், ஏனெனில் குடும்பங்கள் அதைப் பேசக் கூசுகின்றன. கூச வேண்டாம். சிகிச்சை பாதியில் பணத்தால் நின்றுபோவது எல்லோருக்கும் கொடுமை. தொடங்கும் முன்பே பேசிவிடுவது நோயாளிக்கும் நல்லது.

## வென்டிலேட்டரில் தொடர்வது, ஆனால் முறையாக

வென்டிலேட்டர் என்றால் எல்லா இடத்திலும் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம். எப்படி ஓட்டுகிறார்கள் என்பதில்தான் வாழ்வும் சாவும் இருக்கிறது.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 861 நோயாளிகளிடம் ஒரு ஆய்வு நடந்தது. ஒவ்வொரு மூச்சிலும் தள்ளும் காற்றை, உயரத்தை வைத்துக் கணக்கிட்ட எடையில் கிலோவுக்கு 12 மில்லி என்பதிலிருந்து 6 மில்லியாகக் குறைத்தார்கள். இறப்பு 39.8 சதவீதத்திலிருந்து 31 சதவீதமாக இறங்கியது. புது மருந்து இல்லை, புது இயந்திரம் இல்லை. காற்றைக் குறைத்ததுதான்.

அடுத்தது குப்புறப் படுக்கவைப்பது. பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் 466 பேரிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், நாளுக்குக் குறைந்தது 16 மணி நேரம் குப்புறப் படுக்கவைக்கப்பட்டவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 16 சதவீதம். மல்லாந்தே இருந்தவர்களில் 32.8 சதவீதம். நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப் பக்கம் இருக்கிறது. மல்லாந்து படுக்கும்போது இதயமும் வயிறும் அதை அழுத்துகின்றன. திருப்பிப் போட்டால் அந்தப் பகுதி விரிகிறது, காற்று சமமாகப் பரவுகிறது. இதற்கு வேண்டியது பழகிய நான்கைந்து பேர், பொறுமை, தலையணைகள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குப்புறப் படுக்கவைக்காமலேயே எக்மோவைப் பற்றிப் பேச ஆரம்பிப்பது நடக்கிறது. குப்புறப் போட முடியாத காரணம் ஏதாவது இருந்தால் சரி. இல்லையென்றால் “முதலில் அதைச் செய்தீர்களா, எத்தனை மணி நேரம், பலன் என்ன?” என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

மருந்துகளும் இந்த வழியின் பகுதிதான். கோவிட்டில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை நாளுக்கு 6 மில்லிகிராம், 10 நாள் வரை கொடுத்தபோது, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு 41 சதவீதத்திலிருந்து 29 சதவீதமாகக் குறைந்தது என்று 2020-இல் பிரிட்டனில் நடந்த ஆய்வு காட்டியது. இன்ஃபுளுவென்சாவில் ஸ்டீராய்டுக்கு இத்தகைய தெளிவு இல்லை. அங்கே ஓசெல்டமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைச் சீக்கிரம் தொடங்குவதும், கூடவே தொற்றும் பாக்டீரியாவைத் தேடிப் பிடிப்பதும் முக்கியம்.

மறைந்திருக்கும் விலை என்ன? தசைத் தளர்வு மருந்தும் ஆழ்ந்த மயக்கமும் உடம்பின் தசையைக் கரைக்கின்றன. குப்புறப் படுத்ததில் முகத்திலும் மார்பிலும் அழுத்தப் புண் வரலாம். திருப்பும்போது மூச்சுக்குழாய் நழுவும் அபாயம் உண்டு. இவற்றைவிடப் பெரிய விலை காலம். முன்னேற்றமே இல்லாமல் “இன்னும் ஒரு நாள் பார்ப்போம்” என்று தள்ளிக்கொண்டே போனால், எக்மோவுக்கான ஜன்னல் சத்தமில்லாமல் மூடிவிடும்.

இதுவே மேலான வழி எப்போது: குப்புறப் படுக்கவைத்ததும் ஆக்சிஜன் ஏறினால், வென்டிலேட்டரின் அழுத்தம் பாதுகாப்பான எல்லைக்குள் இருந்தால், ரத்தக் கசிவு அபாயம் அதிகமானால், அருகில் அனுபவமுள்ள எக்மோ குழு இல்லாமல், பயணமே ஆபத்தாக இருந்தால்.

## எக்மோ

“யாரும் திரும்பி வருவதில்லை” என்ற பேச்சுக்கு ஒரு பழைய வேர் உண்டு. பெரியவர் ஒருவருக்கு மூச்சுத் திணறலில் எக்மோ பலித்ததாக முதன்முதலில் 1972-இல் எழுதப்பட்டது. அந்த உற்சாகத்தில் அமெரிக்காவில் 90 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு 1979-இல் வெளிவந்தபோது, எக்மோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிழைத்தவர்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு. அதன் பிறகு பெரியவர்களுக்கான எக்மோ நீண்ட காலம் ஓரங்கட்டப்பட்டது. அன்றைய இயந்திரம் வேறு, நுரையீரலுக்கு ஓய்வு தர வேண்டும் என்ற அறிவும் அன்று இல்லை.

திருப்பம் 2009-இல் வந்தது. எச்1என்1 பரவிய அதே ஆண்டில், பிரிட்டனில் 180 பேரிடம் நடந்த சீசர் ஆய்வு வெளியானது. எக்மோ மையத்துக்கு அனுப்பத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் 63 சதவீதத்தினர் ஆறு மாதம் கழித்துக் கடும் ஊனமின்றி உயிரோடு இருந்தார்கள்; வழக்கமான சிகிச்சையில் 47 சதவீதம். இதில் ஒரு நுணுக்கம்: அனுப்பத் தேர்ந்தெடுத்த 90 பேரில் 68 பேருக்குத்தான் எக்மோ இணைக்கப்பட்டது. மற்றவர்களில் பலர் அந்த மையத்தின் நல்ல வென்டிலேட்டர் கவனிப்பிலேயே சமாளித்தார்கள். ஆகவே அந்தப் பலன் முழுவதையும் இயந்திரத்தின் கணக்கில் எழுத முடியாது.

2018-இல் எயோலியா ஆய்வு வந்தது. 249 பேர். 60 நாளில் இறப்பு எக்மோவில் 35 சதவீதம், வென்டிலேட்டரில் 46 சதவீதம். இந்த வித்தியாசம் தற்செயல் இல்லை என்று உறுதியாகச் சொல்லத் தேவையான புள்ளியியல் கோட்டை இது தாண்டவில்லை. ஆனால் வென்டிலேட்டர் குழுவில் 90 சதவீதத்தினர் குப்புறப் படுக்கவைக்கப்பட்டவர்கள். அதாவது ஒப்பீடு நல்ல சிகிச்சையோடுதான். மேலும் அந்தக் குழுவில் 28 சதவீதத்தினர் நிலை மோசமானதும் எக்மோவுக்கு மாற்றப்பட்டார்கள். அப்படித் தாமதமாக, சராசரியாக ஆறரை நாள் கழித்து மாறியவர்களில் 57 சதவீதத்தினர் இறந்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிட மோசமான நிலையில் இருந்தவர்கள் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். ஆனாலும் “கடைசி ஆயுதம்” என்ற எண்ணத்துக்கு இது நல்ல பதில்.

இரண்டு ஆய்வுகளிலும் இருந்த 429 பேரையும் ஒன்றாக்கிப் பார்த்தபோது 90 நாளில் இறப்பு எக்மோவில் 36 சதவீதம், வென்டிலேட்டரில் 48 சதவீதம். இதை 100 பேராக விரித்துப் பாருங்கள். எக்மோ இல்லாமலேயே 52 பேர் பிழைத்திருப்பார்கள். எக்மோ இணைத்தால் கூடுதலாக 12 பேர் பிழைக்கிறார்கள். இணைத்தும் 36 பேர் இறக்கிறார்கள். நம்பிக்கையும் எச்சரிக்கையும் இந்த மூன்று எண்ணுக்குள் இருக்கின்றன. மருத்துவரிடம் பேசும்போது உங்கள் மனதில் இருக்க வேண்டியது இந்தக் கணக்குதான்.

கோவிட் காலம் இன்னொரு பாடம் தந்தது. பன்னாட்டுப் பதிவேட்டின்படி, 2020 மே 1-க்குள் கோவிட்டுக்கு எக்மோ செய்யத் தொடங்கிவிட்ட மருத்துவமனைகளில், அந்தத் தேதி வரை எக்மோ இணைத்தவர்களில் 90 நாளுக்குள் இறந்தவர்கள் 37 சதவீதம். அதே மருத்துவமனைகளில் அதற்குப் பிந்தைய மாதங்களில் 52 சதவீதம். எக்மோவில் இருக்க வேண்டிய நாட்களும் 14-இலிருந்து 20 ஆகக் கூடின. ஸ்டீராய்டும் மற்ற மருந்துகளும் கொடுத்தும் தேறாதவர்களே பின்னாளில் எக்மோவுக்கு வந்தார்கள் என்பது ஒரு விளக்கம். எதிர்ப்பக்கமும் உண்டு. அமெரிக்காவில் 2021-இல், எக்மோவுக்குத் தகுதி இருந்தும் இடமில்லாததால் கிடைக்காத 55 பேரில் 89 சதவீதத்தினர் இறந்தார்கள். கிடைத்த 35 பேரில் 43 சதவீதம். சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை என்றாலும், இளம் வயதினர் நிறைந்த அந்தக் குழுவைப் படிக்கும்போது மனம் கனக்கிறது.

எப்போது இணைக்கிறார்கள்? ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அழுத்தத்தை, கொடுக்கும் ஆக்சிஜனின் பங்கால் வகுத்தால் கிடைப்பது பி/எஃப் விகிதம். நலமான ஒருவருக்கு அது 400-க்கு மேல் இருக்கும். சரியான சிகிச்சைக்குப் பிறகும் அது 50-க்குக் கீழே 3 மணி நேரத்துக்கு மேலோ, 80-க்குக் கீழே 6 மணி நேரத்துக்கு மேலோ நின்றால், அல்லது கரியமில வாயு தேங்கி ரத்தத்தின் அமிலத்தன்மை கூடி, அதைக் காட்டும் பிஎச் அளவு 7.25-க்குக் கீழே 6 மணி நேரத்துக்கு மேல் நின்றால் இணைக்கலாம் என்பது எயோலியாவின் அளவு. இன்று பல மையங்கள் இதை ஒட்டித்தான் நடக்கின்றன. “அவருடைய பி/எஃப் எவ்வளவு, எத்தனை மணி நேரமாக?” என்று கேளுங்கள். பதிலில் நிறைய தெரியவரும்.

மறைந்திருக்கும் விலை. எயோலியாவில் ரத்தம் ஏற்ற வேண்டிய அளவு கசிவு எக்மோ குழுவில் 46 சதவீதம், வென்டிலேட்டர் குழுவில் 28 சதவீதம். தட்டணுக்கள் கடுமையாகக் குறைவதும் அதிகம். மூளையில் கசிவு வந்தால் அதுவே முடிவாகிவிடக்கூடும். குழாய் வழியே தொற்று, ரத்த அணுக்கள் உடைவது, பெட்டி உறைந்து மாற்ற வேண்டி வருவது எல்லாம் இருக்கின்றன. சில மருந்துகள் குழாய்களில் ஒட்டிக்கொள்வதால் அளவைக் கணிப்பதே கடினமாகிறது. சிறுநீரகம் தளர்ந்து டயாலிசிஸ் சேர்ந்துகொள்வதும் உண்டு.

பணத்தில், தொடக்கக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு முடிவெடுக்காதீர்கள். தினசரி ஐசியு, தினமும் பல முறை ரத்தப் பரிசோதனை, ரத்தமும் தட்டணுவும், மாற்றுப் பெட்டி, எக்மோ எடுத்த பிறகும் தொடரும் வென்டிலேட்டர் நாட்கள், பிசியோதெரபி என்று அது நீளும். நோயாளியோடு நிற்பவர் வேலைக்குப் போக முடியாத வாரங்களையும் கணக்கில் சேருங்கள். எத்தனை நாள் ஆகும் என்பதை முன்கூட்டி யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதுதான் இதில் கடினமானது.

மனதுக்கும் ஒரு விலை இருக்கிறது. எக்மோவில் இதயம் துடித்துக்கொண்டே இருக்கும், முகம் சிவந்தே இருக்கும். நுரையீரல் திரும்பி வராது என்று தெளிவான பிறகு நிறுத்தும் முடிவு அதனால் இரட்டிப்புக் கொடுமை ஆகிறது. இதை முன்பே பேசிவைக்காத குடும்பங்கள் படும் பாடு பெரிது.

இது மேலான வழி எப்போது: நோய் தொடங்கும் முன் நலமாக இருந்தவர், வயது அதிகமில்லை, 65-க்குக் கீழே என்பது பொதுவான வழிகாட்டி, வென்டிலேட்டரில் முதல் வாரத்துக்குள், குப்புறப் படுக்கவைத்தும் தேறவில்லை, மூளையும் மற்ற உறுப்புகளும் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன, அனுபவமுள்ள குழு கைக்கெட்டும் தூரத்தில் உண்டு. கர்ப்பிணிகளும் குழந்தை பெற்று சில வாரமே ஆனவர்களும் இந்தப் பட்டியலில் வருவார்கள். வயது அவர்களுக்குத் துணை நிற்கிறது. கர்ப்பம் என்பதாலேயே எக்மோவை மறுக்க வேண்டியதில்லை.

## எக்மோ உள்ள இடத்துக்கு மாற்றுவது

பெரும்பாலான குடும்பங்களுக்கு உண்மையான கேள்வி இதுதான்: இங்கே எக்மோ இல்லை, மாற்றட்டுமா? சீசர் ஆய்வில் அனுப்பத் தேர்ந்தெடுத்த 90 பேரில் 5 பேர் மாற்றுவதற்கு முன்போ வழியிலோ இறந்தார்கள். பயணம் சின்ன விஷயம் இல்லை. ஆனால் அந்த ஆய்வின் பலனும் அப்படிப் பயணம் செய்தவர்களிடமிருந்து வந்ததுதான்.

சில மையங்கள் தங்கள் குழுவையே அனுப்பி, நோயாளி இருக்கும் மருத்துவமனையிலேயே குழாய் செருகி, எக்மோவில் வைத்தே அழைத்துச் செல்கின்றன. அப்படி ஒரு குழு வரும் என்றால் கணக்கு மாறிவிடும். நான் சொல்ல விரும்புவது ஒன்றே: மாற்றம் பற்றிய பேச்சை நிலை முழுக்க மோசமாகும்வரை ஒத்திப்போடாதீர்கள். பி/எஃப் 100-ஐ ஒட்டி இறங்கிக்கொண்டிருக்கும்போதே “எக்மோ மையத்தோடு ஒருமுறை பேசுங்கள்” என்று கேட்டுக்கொள்ளலாம். அழைத்துப் பேசுவதால் மாற்றியே ஆக வேண்டும் என்றில்லை. பல சமயம் அந்தப் பேச்சிலேயே வென்டிலேட்டரைத் திருத்தும் யோசனைகள் கிடைத்துவிடும்.

## இன்னும் சில வழிகள், சுருக்கமாக

கரியமில வாயுவை மட்டும் வடிகட்டும் சிறிய கருவிகள் இருக்கின்றன. குறைந்த ரத்த ஓட்டம், மெல்லிய குழாய், கேட்க இதமாக இருக்கும். பிரிட்டனில் 412 பேரிடம் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில் இறப்பு குறையவில்லை: கருவி வைத்தவர்களில் 41.5 சதவீதம், வைக்காதவர்களில் 39.5 சதவீதம். ஆக்சிஜனே ஏறாத வைரஸ் நிமோனியாவுக்கு இதை எக்மோவின் மலிவான மாற்றாக யாராவது முன்வைத்தால், நான் தயங்குவேன்.

நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை, எக்மோவில் வாரக்கணக்கில் இருந்தும் நுரையீரல் மீளாத ஒரு சிலருக்கு மட்டும் திறக்கும் கதவு. 2020 ஜூனில் அமெரிக்காவின் சிகாகோவில் கோவிட் நோயாளி ஒருவருக்கு இரு நுரையீரல்களும் மாற்றப்பட்டன. இதை எண்ணி எக்மோ தொடங்குவது பொதுவாகச் சரியான திட்டம் இல்லை.

இயந்திரத்தைக் கூட்டாமல் இருப்பதும் ஒரு தேர்வு. பல ஆண்டு நுரையீரல் நோய், முதுமை, முற்றிய வேறு நோய் உள்ளவருக்கு, மூச்சுத் திணறலையும் வலியையும் அடக்கி, குடும்பத்தை அருகில் உட்காரவைக்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்பு பல நேரம் அவருக்குச் செய்யும் பெரிய நன்மை. எக்மோ வேண்டாம் என்று சொன்னதற்காகக் கைவிட்டுவிட்டோம் என்று எண்ணி நொந்துகொள்ளும் பிள்ளைகளை நினைத்து இதை எழுதுகிறேன். கைவிடவில்லை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | முறையான வென்டிலேட்டர் + குப்புறப் படுக்கை | எக்மோ | நோய்த்தணிப்புப் பராமரிப்பு |
|---|---|---|---|
| நுரையீரல் மீளும் வாய்ப்பு | இருந்தால் முதல் வழி | நன்றாக இருந்தால் மட்டும் | மிகக் குறைவானபோது |
| காலம் | உடனே தொடங்கலாம் | முதல் வாரத்துக்குள் பலன் அதிகம் | எந்த நாளிலும் |
| ரத்தக் கசிவு | குறைவு | அதிகம் | பொருட்டில்லை |
| தேவையான ஆட்கள் | பழகிய ஐசியு குழு | 24 மணி நேரமும் தனிப் பயிற்சி பெற்ற குழு | பொறுமையுள்ள சிறு குழு |
| செலவு | அதிகம் | மிக மிக அதிகம், நாட்கள் நிச்சயமில்லை | குறைவு |
| அதிகம் மறக்கப்படுவது | தாமதத்தின் விலை | நிறுத்தும் முடிவின் பாரம் | முன்பே தொடங்கினால்தான் முழுப் பலன் |

## பிழைத்த பிறகு

இரண்டு வழியிலும் பிழைத்து வருகிறவருக்கு நீண்ட பாதை இருக்கிறது. கடும் நுரையீரல் செயலிழப்பிலிருந்து மீண்டவர்களை ஐந்து ஆண்டு தொடர்ந்து பார்த்து 2011-இல் வெளியான ஆய்வில், நுரையீரலின் திறன் ஏறக்குறைய இயல்புக்குத் திரும்பியிருந்தது. ஆனால் ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரம், எதிர்பார்க்கக்கூடியதில் 76 சதவீதம்தான். நுரையீரல் ஆறிவிடுகிறது, தசையும் மனமும்தான் பின்தங்குகின்றன. கெட்ட கனவு, மறதி, பயம் எல்லாம் வரும். வீட்டுக்கு வந்தவரைப் பார்த்து “எல்லாம் சரியாகிவிட்டதே, ஏன் இன்னும் படுத்தே இருக்கிறாய்?” என்று கேட்டுவிடாதீர்கள்.

## மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

- வென்டிலேட்டரில் இது எத்தனையாவது நாள்? பி/எஃப் எவ்வளவு, ஏறுகிறதா இறங்குகிறதா?
- குப்புறப் படுக்கவைத்தீர்களா? எத்தனை முறை, எத்தனை மணி நேரம்?
- இதயம், மூளை, சிறுநீரகம் எப்படி இருக்கின்றன?
- இங்கே ஆண்டுக்கு எத்தனை பேருக்கு எக்மோ செய்கிறீர்கள்? 20-க்கும் குறைவு என்றால், அனுபவம் கூடிய மையத்தோடு பேசினீர்களா?
- எது நடந்தால் எக்மோ பலிக்கிறது என்று வைத்துக்கொள்வீர்கள்? எது நடந்தால் நிறுத்த வேண்டும் என்பீர்கள்?
- எந்தத் தேதியில் மறுபடி உட்கார்ந்து பேசுவோம்?

கடைசி இரண்டுக்கும் பதில் வாங்காமல் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நிலை கையை மீறிப்போய் உடனே இணைத்தாக வேண்டும் என்றால் இணைக்கட்டும். அன்று மாலையே போய்க் கேளுங்கள். பதிலை ஒரு தாளில் எழுதி, தேதியைக் குறித்து, உங்கள் குடும்பத்தின் சார்பில் மருத்துவரோடு பேசப்போகும் அந்த ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். குறித்த நாள் வரும்போது அவர் அந்தத் தாளோடு உள்ளே போகட்டும்.